பூசிய மூடி, பூசாத மூடி

“…ஒரே ஒரு வார்த்தைதானக்கா! ‘ஒத்துப்போவல’ன்னு சொல்லிட்டுப் போயேன். உன் வாய்ல இருந்து இன்னா முத்தா உதிரப்போவுது? நீ சொன்னா மேனேஜரு நம்புவாரு. அவரு நம்பனா மெட்ராஸ்காரன் நம்புவான். நாங்க முப்பத்தி நாலு பேரும் நாளைக்கும் இதே பஸ்ஸு ஏறி இதே கேட்டுக்குள்ள வருவோம்.”

லூர்து இதைச் சொல்லும்போது காலை ஒன்பதே முக்கால். பெயிண்ட் அடிக்கும் அறையிலிருந்து நேராக சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்திருந்தாள். முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கி விட்டிருந்ததால் வாயைச் சுற்றி மட்டும் அவளுடைய சொந்த நிறம். மற்ற இடமெல்லாம் சாம்பல் தூசு. இன்னும் கால் மணி நேரத்தில் என் முன்னால் இரண்டு வகை லேப்டாப் மூடிகளை வைப்பார்கள். ஒன்று லூர்துவின் ஆட்கள் பெயிண்ட் அடித்தது. இன்னொன்று பெயிண்டே படாதது. பிளாஸ்டிக்கை உருக்கும்போதே சாயத்தைக் கலந்து வார்த்தது. இரண்டும் பார்வைக்கு ஒன்றா, இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். ஒன்று என்று சொன்னால் பெயிண்ட் செக்‌ஷனுக்கு வேலை இல்லை. இல்லை என்று சொன்னால் செக்‌ஷன் பிழைக்கும். விஷயம் இவ்வளவுதான்.

இந்தப் பழைய கதையை இப்போது எழுத வைத்தது சுகந்தி. எங்கள் கம்பெனியில் நான் பார்த்த வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். போன மாதம் திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்தாள். “யக்கா, பூமிக்குக் கெடுதல் இல்லாத கலர் எது, ஒரே பக்கத்துல எழுதிக் குடுன்னு ஆபீஸ்ல பேஜாரு பண்றாங்க. நீங்க ஒண்ணு சொன்னீங்கன்னா அப்பிடியே எழுதிக்குவேன்” என்றாள். காபி கொடுத்தேன், முறுக்கு கொடுத்தேன், பதில் கொடுக்க முடியவில்லை.

என் கண்ணையே நான் இப்போது நம்புவதில்லை. இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று, வலது கண்ணில் இன்னும் எடுக்கவில்லை. வலது கண்ணால் பார்த்தால் வீட்டுச் சுவர் மஞ்சள்; இடது கண்ணால் பார்த்தால் அதே சுவர் நீலம் ஓடிய வெள்ளை. கண் டாக்டரிடம் முறையிட்டேன். “ரெண்டும் வெள்ளைதாம்மா” என்றார். இருபது வருஷத்துக்கு மேல் இந்த வாக்கியத்தை என்னிடம் சொல்லிவிட்டு யாரும் தப்பித்ததில்லை. அவர் தப்பித்துவிட்டார். சண்டை போடும் தெம்பு இல்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலைப் பருப்பு பொறுக்கினேன். சாக்கில் கொட்டிய பருப்பை வரிசையாக உட்கார்ந்து தள்ளிக்கொண்டே போவோம். தோல் ஒரு பொட்டு கறுத்திருந்தாலும், வெளிறியிருந்தாலும் எடுத்துவிட வேண்டும். எங்கள் மேஸ்திரி சொல்வார்: “பருப்பைப் பாக்காத. எந்தப் பருப்பு உன்னைப் பாக்குதுன்னு பாரு.” பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மறந்துபோனது, இந்த ஒன்று என் பிழைப்புக்கு ஆனது. 1993-இல் விழுப்புரம் போகும் ரோட்டில் பிளாஸ்டிக் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். துடைக்கும் வேலை கொஞ்ச நாள், டேப் ஒட்டும் வேலை கொஞ்ச நாள். டிவி பெட்டி, ஃபேன் மூடி, அப்புறம் கம்ப்யூட்டர் திரைக்கு முன்பக்கச் சட்டம், கடைசியில் லேப்டாப் மூடி. காலம் மாற மாற எங்கள் கைக்கு வந்த சாமான் சின்னதாகிக்கொண்டே போனது. ஒரு நாள் ஃபேன் மூடிக் கூடையில் நிறம் தப்பிய நாலு மூடிகளை, யாரும் சொல்லாமலே, பருப்பு பொறுக்குவது மாதிரி எடுத்து ஓரமாக வைத்திருந்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் வேதாசலம் சார். எங்கள் வொர்க்ஸ் மேனேஜர். மறுநாள் முதல் நான் நிறம் பார்க்கிறவள்.

நிறம் பார்ப்பது என்றால் முறைத்துப் பார்ப்பது இல்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்கு வடக்கே ஒரு மேஜை. காலை பத்து மணிக்குத்தான் பார்க்க வேண்டும். வெயில் நேராக விழக் கூடாது, மழை மூட்டமும் கூடாது. மேஜை மேல் சாம்பல் அட்டை. புடவைக்கு மேல் நானும் சாம்பல் கோட்டு போட்டுக்கொள்ள வேண்டும்; சிவப்புப் புடவையோடு நின்றால் வெள்ளை மூடியில் என் புடவையே தெரியும். மாதிரி மூடி இடது பக்கம், புது மூடி வலது பக்கம், இடைவெளி இல்லாமல் ஒட்டி. ஒரு தரம் நேராக. ஒரு தரம் குனிந்து சாய்வாக. பிறகு இரண்டையும் இடம் மாற்றி மறுபடியும். மூச்சு விடுகிற நேரம்தான் பார்க்கலாம். அதற்கு மேல் பார்த்தால் கண் சமாதானம் ஆகிவிடும். வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். உடனே அட்டையைப் பார்த்துக் கண்ணைக் கழுவிக்கொண்டு திரும்ப வர வேண்டும்.

வேதாசலம் சார் ஒரு நாளும் “சரியா இருக்காம்மா?” என்று கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் யாரும் “சரி” என்றுதான் சொல்வார்கள் என்பார். எனக்கு முதுகைக் காட்டச் சொல்வார். மூன்று மூடிகளைக் கலைத்து வைப்பார். திரும்பச் சொல்லி, “வேத்தாளு யாரு, காட்டுங்க” என்பார். சில நாள் மூன்றும் ஒரே மூடியாக இருக்கும். நானாக ஒன்றைக் காட்டிவிட்டால் அன்றைக்கு முழுக்க என்னிடம் பேச மாட்டார். திட்டவும் மாட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அவருக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ். எதையாவது கொட்டினால், கழுவினால், தூக்கிப் போட்டால் வந்து நிற்பார். “அப்புறம்?” என்பார். அவ்வளவுதான் கேள்வி. பெயிண்ட் அடிக்கும் அறையில் பின்சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். மூடியில் ஒட்டாமல் பறக்கும் பெயிண்டை அந்தத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். அடியில் சேறாகத் தேங்கும். ஆரம்பத்தில் சனிக்கிழமைதோறும் வாளியில் மொண்டு பின்பக்கம் ஊற்றுவோம். அவர் வந்தார். “வாளி. அப்புறம்?” என்று தரையில் சாக்பீஸால் ஒரு அம்பு போட்டார். “கால்வா சார்.” இன்னொரு அம்பு. “அப்புறம்?” “மதில் ஓட்டை சார்.” “அப்புறம்?” “ஏரி சார்.” “அப்புறம்?” கூட்டத்தில் ஒருத்தி, “மாடு குடிக்கும் சார்” என்றாள். “அப்புறம்?” என்றார். லூர்து, “எங்க வூட்டுக்குப் பால் வரும் சார், போதுமா? கோடு போடறத நிறுத்துங்க, தரையெல்லாம் நாங்கதான் கழுவணும்” என்றாள். அவர் சிரித்துவிட்டார். மூன்று மாதத்தில் சிமென்ட் தொட்டி கட்டினார். சேறு பீப்பாயில் அடைத்து லாரியில் போக ஆரம்பித்தது. லாரி போன பிறகு எங்கே என்று அவருக்கும் முழுசாகத் தெரியாது. அம்பு கேட்டோடு நின்றது.

லூர்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அனந்தபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். துடைப்பு வேலைக்குச் சேர்ந்தவள். ஸ்ப்ரே கன் பிடித்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஆம்பிளைகள் ஒவ்வொருவராக துபாய்க்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போனபோது, “பூச்சி மருந்து அடிக்கிறவளுக்கு இது ஒரு வேலையா?” என்று கன்னைக் கையில் எடுத்தாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்கள் எடுத்தார்கள். கொஞ்ச வருஷத்தில் பெயிண்ட் செக்‌ஷன் முழுக்கப் பெண்கள். வீட்டுக்காரர் இல்லை அவளுக்கு. ஒரே மகள் பாண்டிச்சேரியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பு முடிகிற வரைக்கும் இந்தக் கேட் திறந்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஜெபமாலை உருட்டியதற்குக் காரணம்.

வெள்ளை மூடிக் கதையில் அவள் என்னைக் காப்பாற்றினாள். வெள்ளை லேப்டாப் எல்லாருக்கும் ஆசையாக இருந்த காலம். வெள்ளை அடிப்பதுதான் கொடுமை. அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கின் மஞ்சள் தெரியாமல் மூடக் கூடுதல் பூச்சு வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் தெரியும். கை பட்டால் தெரியும். எங்களுக்கு ஆர்டர் தரும் சென்னைக்காரர்கள் கொடுத்த மாதிரி மூடி ஒன்றே ஒன்று. அது தொலைந்தால் எல்லாம் போச்சு. எங்கே பத்திரமாக வைப்பது என்று யோசித்தோம். பீரோவுக்குப் பூட்டு சரியில்லை. செக்‌ஷனில் யாரும் கை வைக்காத ஒரே இடம் மாதா படம் வைத்திருந்த பலகை. “அம்மா பாத்துக்குவாங்க” என்று லூர்து படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாள். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. தவக்காலம் அது. நாங்கள் கிறிஸ்தவப் பெண்கள் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றினோம். இந்துப் பெண்கள் எங்களுக்குக் குறைந்தவர்களா, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டார்கள். தினமும் பத்து மணிக்கு அந்த மூடியை எடுத்து, துடைத்து, புது மூடியோடு ஒட்டிப் பார்த்து, நான் “சரி” சொன்னேன். புகை ஒரே நாளில் ஏறவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு இழை. அதனோடு சேர்ந்து நாங்கள் கலந்த பெயிண்டும் ஒவ்வொரு நாளும் ஒரு இழை பழுப்பானது. ஈஸ்டருக்கு மறுவாரம் சென்னையிலிருந்து அறுநூறு மூடிகள் திரும்பி வந்தன. மேலே ஒரு சீட்டு: இது வெள்ளை அல்ல.

வேதாசலம் சார் வந்தார். மாதா படத்தைப் பார்த்தார், மெழுகுவர்த்தியைப் பார்த்தார். சாக்பீஸை எடுத்துத் திரியிலிருந்து சுவரில் மேல்நோக்கி ஓர் அம்பு போட்டார். யார் வைத்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், “நான்தான் சார் வச்சேன். மேரியக்காவுக்குத் தெரியாது” என்றாள் லூர்து. எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். விட்டுவிட்டார். அறுநூறு மூடியையும் தூக்கிப் போடாமல் மேலேயே கறுப்பு அடித்து வேறு ஆர்டருக்கு அனுப்புவது என்று முடிவானது. வெள்ளை கெட்டால் கறுப்பாக்கலாம். கறுப்பு கெட்டால் ஆக்குவதற்கு நிறம் இல்லை. லூர்துவின் ஆட்கள் ஒரு வாரம் குனிந்த தலை நிமிராமல் அடித்தார்கள். எனக்கு வேலை போகாமல் இருந்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

அதற்குப் பிறகு தண்ணீரில் கரையும் பெயிண்ட் வந்தது. பழைய பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசனையில் தலைவலியோடே வாழ்ந்த பெண்களுக்கு அது பண்டிகை மாதிரி. “தலையில வச்ச பூவு வாசனை எனக்கே தெரியுதுக்கா” என்று ஒருத்தி கண் கலங்கினாள். வாசனை இல்லாததால் அது வெறும் தண்ணீர்தான் என்று நினைத்து, கழுவிய நீரைக் கேன்டீன் பக்கத்துக் கீரைப் பாத்தியில் விட்டார்கள். வேதாசலம் சார் சாக்பீஸோடு ஓடி வந்தார். கீரை போனது. ஆனால் பெரிய சங்கடம் அது இல்லை. அந்தப் பெயிண்ட் காய ஓவன் இரண்டு பங்கு நேரம் ஓட வேண்டும். மின்வெட்டு பொழுதுக்கும் இருந்த வருஷங்கள் அவை. கரண்ட் போனதும் பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமும். ஐப்பசி மழையில் ஓவனும் போதாமல் மூடிகள் கண்ணீர் விட்ட மாதிரி வழிந்து நிற்கும். வழிந்ததெல்லாம் ரிஜெக்ட். டீசல் புகை ஜன்னல் வழியாக வந்து ஈரப் பெயிண்டில் உட்காரும். “வாசனை போச்சு, புகை வந்துச்சு. நமக்கு எதையாவது மோந்துக்கினே இருக்கணும்னு எழுதியிருக்குது” என்றாள் லூர்து. வேதாசலம் சார் அன்று அம்பு போடவில்லை. ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

ஆரம்பத்தில் நான் சொன்ன பூசிய மூடி, பூசாத மூடிக் காரியம் இப்படித்தான் வந்தது. சென்னைக்காரர்கள் புது லேப்டாப் ஒன்றுக்கு மூடி கேட்டார்கள். கூடவே ஒரு கடிதம்: சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் குறைந்த நிறமும் பூச்சும் எதுவோ, அதை நீங்களே சொல்லுங்கள். மூன்று வழிகள் இருந்தன. கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்பு. அதற்குக் கறுப்பு அடித்து மேலே தெளிந்த பூச்சு ஒன்றும் அடிக்க வேண்டும், பத்துக்கு மூன்று கெடும், வாங்கியவன் ஒரு வருஷத்தில் கீறல் விழுந்தது என்று வேறு வாங்குவான். தண்ணீர்ப் பெயிண்டில் வெள்ளை. மூன்றாவது, மங்கிய சாம்பல். சாம்பலைப் பெயிண்டாகவும் அடிக்கலாம், பிளாஸ்டிக்கிலேயே கலந்து மணல் பொருக்கு மாதிரி மேல்பரப்பு வைத்து வார்க்கவும் செய்யலாம்.

“எழுதறதுக்கு முன்னாடி கடைசி அம்பைப் பாத்துட்டு வந்துடலாம், வாங்க” என்று வேதாசலம் சார் என்னை விழுப்புரத்துக்கு வெளியே ஒரு பழைய இரும்பு, பிளாஸ்டிக் யார்டுக்குக் கூட்டிப் போனார். தகரக் கூரைக்குக் கீழே ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து உடைந்த கம்ப்யூட்டர், லேப்டாப் ஓடுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மல்லாட்டை மண்டியில் நாங்கள் உட்கார்ந்த அதே வரிசை. அஞ்சலை என்று ஒருத்தி, என் வயசு இருக்கும். ஓர் ஓடு எடுப்பாள், சுத்தியால் தட்டிச் சத்தம் கேட்பாள், ஒரு குவியலில் போடுவாள். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். பெயிண்ட் அடித்தது வந்தால் மட்டும் கை நின்றுவிடும். ஓரத்தைக் கத்தியால் சுரண்டி, லைட்டரால் பற்றவைத்து, அணைத்து, புகையை மூக்குக்குக் கொண்டுபோவாள்.

“இன்னாத்துக்கும்மா மோந்து பாக்கறீங்க?” என்று கேட்டேன்.

“பூசாத பொட்டின்னா தட்டனாலே பேசிடும். பூசனது வாயே தொறக்காது. பத்த வச்சாத்தான் ஜாதகம் சொல்லும்” என்றாள். “எங்க யார்டுல உருக்கி சலிச்சுப் பாத்தாச்சு, பெயிண்டு உரிஞ்சி புது சரக்குல மொளவு தூவன மாதிரி நிக்குது. எவனும் வாங்க மாட்றான்.”

“கறுப்பு?”

“பூசாத கறுப்பும் சனியன்தான். பத்து தினுசு பிளாஸ்டிக்கும் கறுப்பா வந்தா எதுன்னு கண்டது?”

“வாங்காததை என்ன பண்ணுவீங்க?” என்று வேதாசலம் சார் கேட்டார். அவள் யார்டின் மூலையைக் காட்டினாள். குழி. சுற்றிலும் மண் கறுத்திருந்தது. குழியில் போட வைத்திருந்த குவியலில் ஒரு மூடி உடைந்த பக்கம் மேலே தெரியக் கிடந்தது. மேலே கறுப்பு, அதற்குக் கீழே ஒரு கோடு வெள்ளை, அதற்கும் கீழே பிளாஸ்டிக்கின் மஞ்சள். வெள்ளைக்கு மேல் கறுப்பு அடிக்க யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை, எங்களைத் தவிர. திருப்பிப் பார்த்தேன். உட்புறம் எங்கள் அச்சின் எழுத்து. அந்த வெள்ளை கொஞ்சம் பழுப்பான வெள்ளை. நான் “சரி” சொன்ன வெள்ளை.

வேதாசலம் சாரிடம் அதைக் கொடுத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது, “பூசாத சாம்பல்னா சுத்தம்னு நினைச்சுடாதீங்க மேரிம்மா” என்றார். “அச்சில அந்தப் பொருக்கு வரணும்னா ஆசிட் விட்டு அரிக்கணும். மெட்ராஸ்ல எங்கேயோ ஒருத்தன் அதை ஊத்தப்போறான். ஆரம்பத்துல வார்க்கறப்ப கோடு கோடா வரும், ரிஜெக்ட் மலை மாதிரி ஏறும். அரைச்சுத் திரும்ப வார்க்கலாம், அதுக்கும் கரண்ட். எல்லாத்துக்கும் அம்பு இருக்குது. இதுக்கு அம்பு குட்டை, அவ்வளவுதான்.” பஸ்ஸை விட்டு இறங்கும்போது, “செக்‌ஷன்ல அந்தப் பொண்ணுங்க இருக்காங்களே” என்றார். அதற்கு அவரிடமும் சாக்பீஸ் இல்லை.

அவர் கடிதத்தில் சாம்பலைத்தான் எழுதினார். சென்னையிலிருந்து பதில் வந்தது: பூசாதது பூசியது போலவே இருந்தால் சம்மதம், இல்லாவிட்டால் பெயிண்டே இருக்கட்டும். அதைத் தீர்மானிக்கும் கண் என்னுடையது. செய்தி செக்‌ஷனுக்கு எட்ட ஒரு டீ நேரம் போதும். அந்த வாரம் முழுக்க யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. கோபம் என்று சொல்ல மாட்டேன். சாமி அறையில் நடப்பது மாதிரி என்னைச் சுற்றி மெல்ல நடந்தார்கள். அது கோபத்தைவிட மோசம்.

பின்னால் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பதினோரு பேரை வார்ப்பு செக்‌ஷனுக்கு, விளிம்பு சீவ, எடுத்துக்கொண்டார்கள். சிலர் ஷூ கம்பெனி வேனில் ஏறினார்கள். சிலர் வானூர் பக்கம் கட்டட வேலைக்குப் போனார்கள். மற்றவர்களை எனக்குத் தெரியவில்லை. லூர்து அந்தப் பதினோரு பேரில் இல்லை. கேட்டார்கள், உட்கார்ந்து விளிம்பு சீவ மாட்டேன் என்றுவிட்டாள். மகள் படிப்பை எப்படி முடித்தாள் என்று நான் கேட்டதில்லை. கேட்க முகம் இல்லை. என் வேலை மட்டும் ஓய்வு பெறும் வரை இருந்தது.

இனி அந்தக் காலை. லூர்து கேட்டதற்கு, “பத்து மணி ஆவட்டும் லூர்து. இன்னும் நான் பாக்கவே இல்ல” என்றேன்.

“பாத்துத்தான் சொல்லுவியா?” என்றாள்.

“பாக்காம எப்பிடி சொல்றது?”

“அன்னைக்கு மாதா படத்தாண்ட நான் பாத்துட்டா சொன்னேன்?”

கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே இருந்தேன். போட்ட பித்தானையே திரும்பப் போட்டேன். அவள் போகவில்லை. ஸ்டாண்டுத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னால் பெயிண்ட் அறைக் கதவில் ஒவ்வொரு தலையாக வந்து நின்றது.

வேதாசலம் சார் மூடிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். லூர்துவைப் பார்த்தார், போகச் சொல்லவில்லை. எனக்கு முதுகைக் காட்டச் சொன்னார். மேஜை மேல் வைக்கும் சத்தம் மூன்று தரம் கேட்டது. திரும்பினேன்.

நேராகப் பார்த்தேன். குனிந்து பார்த்தேன். அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். எதுவும் என்னைப் பார்க்கவில்லை. இடம் மாற்றி வைத்தேன். ஒரு மூடியில் ஓரம் கொஞ்சம் நீலமாகத் தெரிகிறதோ என்று மனசு ஆசைப்பட்டது. கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தால் அங்கே நீலம் இல்லை; என் ஆசைதான் இருந்தது. இன்னொரு தரம் பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்கு மேல் பார்த்தால் கண் பொய் சொல்லும் என்று அறிந்தவளும் நான்தான். அந்தப் பொய்தானே வேண்டும் என்றும் தோன்றியது. அஞ்சலையின் மூக்கு ஞாபகம் வந்தது. அறுநூறு மூடி ஞாபகம் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளவில்லை, இரண்டும் அப்படியே நின்றன.

“வேத்தாளு யாரு, காட்டுங்க” என்றார் வேதாசலம் சார்.

“யாரும் இல்ல சார். மூணும் ஒண்ணு.”

அவர் மூடிகளைத் திருப்பினார். இரண்டு பூசாதது, ஒன்று பூசியது. எழுதுகிற பலகையை என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். எட்டாவது படித்தவளின் கையெழுத்து, இரண்டு எழுத்து, முடிக்க வெகுநேரம் ஆனது. அவர் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேஜையில் மூடிகள் கிடந்தன.

லூர்து தூணை விட்டு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. மூன்று மூடிகளையும் கலைத்துப் போட்டாள். மறுபடியும் கலைத்தாள். குனிந்து பார்த்தாள், தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், “இதுல நாங்க அடிச்சது எதுக்கா?” என்றாள்.

“எனக்கும் தெரியல லூர்து” என்றேன்.

புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். ஒவ்வொரு மூடியின் மூலையிலும் அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். முதல் மூடியில் கோட்டுக்குள்ளும் சாம்பல். இரண்டாவதிலும் சாம்பல். மூன்றாவதில் மஞ்சள் தெரிந்தது. முதல் இரண்டையும் என் பக்கம் தள்ளினாள். மூன்றாவதை எடுத்துக்கொண்டு நடந்தாள். கதவில் நின்ற தலைகள் விலகி வழி விட்டன. நான் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். முகமூடியை ஏற்றிக்கொண்டாள். மூடியைக் கொக்கியில் மாட்டினாள், தண்ணீர் வழியும் சுவருக்கு நேராக. கன்னை எடுத்துக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. கீறல் மறைந்தது. கன்னை மாட்டிவிட்டு, அந்த மூடியை ஓவனுக்குப் போகும் வரிசையில் கடைசியாகத் தொங்கவிட்டாள்.